1708 அக்டோபர்: தரங்கம்பாடியில் ஒரு வாரம்

1708 அக்டோபர் 17. நாள்காட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது புதன்கிழமை. ஐப்பசி பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். அன்றைக்குத் தரங்கம்பாடியில் 26 வயதுள்ள ஒரு ஜெர்மானியர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கினார். பர்த்தலோமேயு சீகன்பால்க். நம் பாடப்புத்தகங்களில் "முதன்முதலாக விவிலியத்தைத் தமிழில் தந்தவர்" என்ற ஒற்றை வரியாக வந்துபோகிறவர்.

எனக்கு அந்த ஒற்றை வரி போதவில்லை. ஊர் வந்து இரண்டேகால் வருஷமே ஆகியிருந்த ஒருவர், அகராதியோ இலக்கணமோ கையில் இல்லாமல் வந்தவர், எப்படி இந்த வேலையில் கை வைத்தார்? அவருடைய ஒரு வாரம் எப்படி இருந்திருக்கும்? அந்த வாரத்தில் அவர் பக்கத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விதான் இந்தக் குறிப்பை எழுதவைத்தது. அவர் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் தன் அன்றாட நேரக் கணக்கை மணிவாரியாகச் சொல்லியிருக்கிறார். அதையும், அந்த வருஷத்து மற்ற செய்திகளையும் சேர்த்து வைத்து அக்டோபர் 17 விழுந்த வாரத்தைக் கட்டிப் பார்க்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்கதை

சீகன்பால்க் 1682 ஜூலை 10 அன்று சாக்சனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர். உடம்பு எப்போதும் சொன்னபடி கேட்காது. வயிற்றுக் கோளாறு கடைசிவரை விடவில்லை. ஹாலே நகரில் பிராங்கே என்ற இறையியலாளரின் செல்வாக்கில் வளர்ந்தார். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் தன் இந்தியக் குடியேற்றத்துக்கு மிஷனரிகளை அனுப்ப ஆசைப்பட்டபோது டென்மார்க்கில் ஆள் கிடைக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து இரண்டு பேரைப் பிடித்தார்கள். ஒருவர் சீகன்பால்க், மற்றவர் ஹென்ரிக் புளூச்சோ.

1705 நவம்பர் கடைசியில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறி 1706 ஜூலை 9, வெள்ளிக்கிழமை தரங்கம்பாடியில் இறங்கினார்கள். மறுநாள் சீகன்பால்குக்கு 24 வயது நிறைந்தது. பிறந்தநாள் வரவேற்பெல்லாம் ஒன்றும் இல்லை. கோட்டைத் தலைவர் ஹாசியஸுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. அரசர் கையொப்பத்தோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் முடியாது, சேர்த்துக்கொள்ளவும் மனம் இல்லை. நெடுநேரம் வெளியிலேயே நிற்கவைத்தார்கள்.

தரங்கம்பாடி என்றால் இன்று நாம் பார்க்கும் அமைதியான கடற்கரை ஊரை நினைத்துக்கொள்ளக் கூடாது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனியருக்குக் கொடுத்த இடம் அது. அந்த ஒப்பந்தத்தையொட்டி அவர் பொன் ஓலையில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1706-இல் தஞ்சையில் மராட்டியர் ஆட்சி, சகஜி மன்னர். டேனியர் ஆண்டுதோறும் தஞ்சைக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் டேனியர், ஜெர்மானியர், போர்ச்சுகீசியம் பேசும் கலப்பினக் கத்தோலிக்கர், சோனகர், செட்டிகள், மீனவர், அடிமைகள் என்று எல்லோரும். கோட்டைக்குப் பக்கத்திலேயே அலை அடிக்கும் இடத்தில் மாசிலாமணிநாதர் கோயில். ஐரோப்பியரோடு கொடுக்கல் வாங்கல் எல்லாம் உடைந்த போர்ச்சுகீசியத்தில்தான் நடந்தது.

வந்தவர்கள் இருவரும் முதலில் போர்ச்சுகீசியம் படித்தார்கள். பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். போர்ச்சுகீசியம் புளூச்சோவுக்கு, தமிழ் சீகன்பால்குக்கு.

மணலில் எழுதியவர்

தமிழ் கற்ற கதை பலருக்கும் தெரிந்திருக்கும். வயதான ஒரு திண்ணைப்பள்ளி வாத்தியாரை அழைத்து, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு மாற்றச் சொன்னார். வாத்தியார் பிள்ளைகளோடு வந்துவிட்டார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார் சீகன்பால்க்.

இந்தக் காட்சியை எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த வெள்ளைக்காரர் தரையில் உட்கார்ந்ததை வியக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த வாத்தியாரை யோசித்துப் பாருங்கள். அவருக்கு எழுத்து சொல்லித்தரத் தெரியும். அர்த்தம் சொல்ல வழியில்லை. அவருக்குப் போர்ச்சுகீசியம் தெரியாது, சீகன்பால்குக்குத் தமிழ் தெரியாது. எழுத்தெல்லாம் வந்துவிட்டது, சொல்லின் பொருள் மட்டும் வரவில்லை.

அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் அழகப்பன். மிஷன் கடிதங்களில் 'அலெப்பா' என்று வருவார். டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழோடு போர்ச்சுகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் அவருக்குப் புழக்கம். 1706-லேயே அவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார் சீகன்பால்க். தமிழ் சீகன்பால்கின் காதில் பொருளோடு விழுந்தது அழகப்பன் வழியாகத்தான்.

திங்கள், செவ்வாய்: ஒரு சாதாரண நாள்

சரி, வாரத்துக்கு வருவோம். 1708-ஐ ஒட்டிய காலத்தில் அவர் கொடுக்கும் நேரக் கணக்கு ஏறக்குறைய இப்படிப் போகிறது.

காலையில் எழுந்ததும் ஜெபம், தமிழில் ஞானோபதேசக் கேள்வி பதில். ஏழு மணியிலிருந்து எட்டு மணிவரை முன்னே குறித்துவைத்த சொற்களையும் சொற்றொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. எட்டு மணிக்கு உண்மையான வேலை. பன்னிரண்டு மணிவரை, அதாவது ஒரே மூச்சில் நான்கு மணி நேரம், முன்பு படிக்காத தமிழ்ச் சுவடிகளைப் படிப்பது. அப்போது பக்கத்தில் இரண்டு பேர். ஒருவர் வயதான புலவர். இன்னொருவர் எழுத்தர். விளங்காத இடம் வந்தால் புலவர் பொருள் சொல்லுவார். புதிய சொல் வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார்.

மதியம் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு. மூன்றிலிருந்து ஐந்துவரை மறுபடி சுவடி. சாயங்காலம் ஜெபமும் புளூச்சோவோடு அன்றைய வேலைகளைப் பற்றிய பேச்சும். ராத்திரி விளக்கு வைத்த பிறகு கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று தானாகப் படிப்பதில்லை. எழுத்தர் படிப்பார், இவர் கேட்பார். அதற்கென்று நல்ல நடையுள்ள நூலாகப் பார்த்து எடுப்பார். பேச்சிலும் எழுத்திலும் அந்த நடையைப் பின்பற்றத்தான். சில நூல்களை இப்படி நூறு முறைகூடக் கேட்டதாகச் சொல்கிறார்.

இதில் எனக்குப் பட்டது ஒன்று. இது நம்மூர்ப் பழைய பாடம் கேட்கும் முறை. ஆசிரியர் சொல்ல மாணவன் கேட்பது, திரும்பத் திரும்பக் கேட்பது, மனசில் ஏற்றுவது. ஹாலேயில் படித்தவர் இலத்தீனையும் கிரேக்கத்தையும் இலக்கணப் புத்தகம் வழியாகப் படித்திருப்பார். தமிழை அப்படிப் படிக்க வழியில்லாமல் போனதே அவருக்கு நல்லதாகப் போயிற்று. புலவர் தனக்குத் தெரிந்த முறையில் சொல்லிக்கொடுத்தார், அவர் அதற்கு உட்பட்டார்.

அந்தச் சொற்குறிப்புகள்தான் அகராதியாக வளர்ந்தன. 1708 வாக்கில் உரைநடைச் சொற்கள் மட்டும் சுமார் 20,000 சேர்ந்துவிட்டன. தமிழ் எழுத்தில் சொல், ரோமன் எழுத்தில் உச்சரிப்பு, ஜெர்மனில் பொருள் என்று மூன்று பத்தி. தெருப்பேச்சுக்கும் செய்யுளுக்கும் சொல் வேறு என்பதைக் கண்டுகொண்டு செய்யுள் சொற்களுக்குத் தனி அகராதியும் போட்டார். 20,000 சொல்லுக்கும் யாரோ ஒருவர் பொருள் சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? அத்தனை ஓலைகளில் தேடி எழுதிய கை ஒன்றும் இருந்திருக்க வேண்டும்.

சுவடிகள் எங்கிருந்து வந்தன?

அதே 1708-இல் அவர் தன்னிடமிருந்த தமிழ் நூல்களுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதினார். 'பிப்ளியோதேகா மலபாரிகா' என்று பெயர். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழை 'மலபார் மொழி' என்றுதான் சொன்னார்கள். கிறித்தவ நூல்கள், இஸ்லாமிய நூல்கள் தவிர, இந்து, சமண மரபு சார்ந்தவை மட்டும் 119 அதில் வருகின்றன. திருக்குறள், திவாகரம், சிவவாக்கியம், நீதி நூல்கள், பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற சின்ன நூல்கள் என்று எல்லாம் கலந்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரியாவது விளக்கம். 1708-இல் ஒரு கடலோர ஊரில் என்னென்ன தமிழ் நூல்கள் கையில் கிடைத்தன என்று கேட்டால், இதைப்போல விரிவாகச் சொல்லும் பட்டியல் வேறு அதிகம் இல்லை.

இந்தச் சுவடிகளில் பல எப்படி வந்தன என்பதையும் அவரே சொல்கிறார். எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு நாள் கணக்கில் நடக்கவிட்டு, பிராமண விதவைகளிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்கினார். படித்தவர் போய்விட்டார், வீட்டில் ஓலைக்கட்டு கிடக்கிறது, அந்த அம்மாளுக்கு அன்றைய அரிசி வேண்டும். தமிழ் நூல் வரலாற்றில் இப்படிக் கைமாறிய சுவடிகளுக்குக் கணக்கே இல்லை. பின்னாளில் உ.வே.சா. வீடுவீடாக ஏறி இறங்கியதைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 170 வருஷம் முன்னால் அதே காவிரிக் கரையில் அதே மாதிரி வீடுகள்.

மொழிபெயர்ப்பும் ஒருவழிப் பாதையாக இல்லை. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் அதே 1708-இல் ஜெர்மனில் பெயர்த்தார். தமிழருக்கு ஒழுக்கம் பற்றிய அறிவு உண்டு என்று ஐரோப்பாவுக்குக் காட்டவேண்டும் என்பது அவர் எண்ணம். ஐரோப்பா அதை அச்சிடவில்லை. காலாண்டு என்ற அறிஞர் 1930-இல் பதிப்பித்துத்தான் அவை வெளியே வந்தன.

புதன்: அந்த நாள்

அக்டோபர் 17 அன்று கிரேக்க மூலத்தை வைத்துக்கொண்டு தொடங்கினார். கிறித்தவச் சொற்களை வெறும் தரையிலிருந்து உருவாக்க வேண்டிய நிலை இல்லை. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' காலத்திலிருந்தே கத்தோலிக்கர்கள் தமிழில் எழுதிவந்தார்கள். அவர்களுடைய சுவடிகள் சிலவும் சீகன்பால்கிடம் இருந்தன, பட்டியலிலேயே குறித்திருக்கிறார். 'சர்வேசுரன்' போன்ற சொற்களை அங்கிருந்தே எடுத்துக்கொண்டார். மதத்தில் எதிரணி, சொல்லில் கடன்.

நடை யாருடையது என்று கேட்டால், தரங்கம்பாடித் தெருவுடையது. 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சானபோது அந்தப் பகுதியின் பெயர் 'அஞ்சு வேத பொஸ்தகம்'. ஐந்து அல்ல, அஞ்சு. புத்தகம் அல்ல, பொஸ்தகம். செந்தமிழ் படித்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர், தரங்கம்பாடிக்காரர்களின் தமிழைக் கடுமையாகப் பரிகசித்தார். இலக்கணம் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு அந்த 'பொஸ்தகம்' பிடித்திருக்கிறது. 300 வருஷத்துக்கு முன்னால் ஒரு சாதாரண மனிதரின் வாயிலிருந்து வந்த ஒலி அச்செழுத்தில் அப்படியே நின்றுவிட்டது. அதைச் சொன்ன வாய் சீகன்பால்கின் வாய் இல்லை என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அப்போது அச்சகம் கிடையாது. லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்துசேர இன்னும் நாலைந்து வருஷம் இருந்தது. அதுவரை எழுதியதை எல்லாம் எழுத்தர்கள் எழுத்தாணி பிடித்து ஓலையில் படி எடுத்தார்கள்.

வாரத்தின் மற்ற நாள்கள்: கோயிலும் அடிமைகளும்

படிப்பு ஒருபக்கம், சபைவேலை இன்னொரு பக்கம். 1707 ஆகஸ்டு 14, ஞாயிறு அன்று ஒரு சிறிய ஆலயத்தைக் கட்டித் திறந்திருந்தார்கள். ஞாயிறுதோறும் தமிழிலும் போர்ச்சுகீசியத்திலும் பிரசங்கம். வாரநாள்களில் கேள்வி பதில் முறையில் பாடம். மிஷன் செலவில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சாப்பாடு. சாயங்காலம் ஊருக்கு வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்து பேச வருகிறவர்களோடு வாதம்.

அந்தப் பேச்சுகளில் கூட்டம் சேர்ந்தது. சபையில் சேர்ந்தவர்கள் குறைவு. 1707 மே 12 அன்று முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேர் யார் தெரியுமா? டேனியர் வீட்டு அடிமைகள். எஜமானர்கள் தினம் இரண்டு மணி நேரம் பாடம் கேட்க அனுப்பச் சம்மதித்தார்கள். மீதி நேரம் வேலை. முழுக்குப் பெற்ற பிறகும் அவர்கள் அடிமைகள்தான். ஒரே ஆலயத்தில் எஜமானரின் கடவுளும் அடிமையின் கடவுளும் ஒன்றே என்று பிரசங்கிப்பதை ஐரோப்பியர்கள் ரசிக்கவில்லை. ஹாசியஸின் கோபத்துக்கு வெறும் முன்கோபத்தைத் தாண்டி ஒரு காரணம் உண்டு என்றால் அது இதுதான். ஊர் வியாபாரத்தால் ஓடியது. ஓட்டத்தைக் கலைக்கிற எதுவும் கம்பெனிக்கு ஆகாது. அதனால் சீகன்பால்கைப் புரட்சிக்காரராக்கவும் வேண்டாம். அடிமைமுறையை அவர் எதிர்த்து நிற்கவில்லை. அடிமைக்கும் ஆத்துமா உண்டு என்றார். அந்த ஊருக்கு அதுவே அதிகமாக இருந்தது.

அடுத்து வந்த மாதம்

தொடங்கிய வேலை முழுசாக ஐந்து வாரம்கூட ஓடவில்லை. நாவிதர் ஒருவரின் விதவை, கணவரின் பழைய கடன் விவகாரத்தில் நீதி கிடைக்காமல் இவரிடம் வந்தாள். எதிர்த்தரப்பில் இருந்தவர் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக வேலைபார்த்த கத்தோலிக்கர். சீகன்பால்க் அவளுக்காகப் பேசப்போனார். அதிகாரத்தோடு மோதல் முற்றியது. நவம்பர் 19, திங்கட்கிழமை அவரைப் பிடித்துக் கோட்டையில் அடைத்தார்கள். வெளியே வந்தது 1709 மார்ச் 26 அன்று. நான்கு மாதத்துக்கு மேல். முதலில் பேனா, மை எதுவும் தரவில்லை. பிறகு கிடைத்தபோது தமிழில் எழுத முடியவில்லை. அதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டுமே! ஜெர்மனில் இரண்டு நூல் எழுதினார்.

சிறைக்குள் ஜெர்மன் எழுதவந்தது, தமிழ் மொழிபெயர்ப்பு நின்றது. அந்த எட்டு மணி முதல் பன்னிரண்டு மணிவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். விடுதலையான பிறகு தொடர்ந்து 1711 மார்ச் 31 அன்று புதிய ஏற்பாட்டை முடித்தார். 1715-இல் முழுசாக அச்சாகி வந்தது.

பக்கத்தில் இருந்தவர்கள்

சீகன்பால்க் 1719 பிப்ரவரி 23 அன்று 36 வயதில் இறந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் நிற்கிறது. உள்ளே அவர் கல்லறை. ஊரில் சிலை இருக்கிறது. 1713-இல் அவர் எழுதிய தமிழ்த் தெய்வங்கள் பற்றிய நூலை ஹாலேயில் பிராங்கே ஏற்கவில்லை. அங்கே போனது புறச்சமயத்தை ஒழிக்கத்தானே தவிர அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்பது பிராங்கேயின் பதில். அந்த நூல் 1867-இல் சென்னையில்தான் முதலில் அச்சேறியது. சொந்த ஆட்களாலும் முழுசாகப் புரிந்துகொள்ளப்படாதவர்.

அழகப்பனின் பங்குக்கு என்ன கிடைத்தது? தரங்கம்பாடியிலிருந்து வெளியேற்றப்பட்டார். தஞ்சைக்குப் போன இடத்தில், நம் சமயத்து விஷயங்களை வெள்ளைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்று விலங்கிட்டுச் சிறைவைத்தார்கள். இங்கே டேனியருக்கு ஆகவில்லை, அங்கே தஞ்சைக்கும் ஆகவில்லை. பின்னாளில் மிஷனரிகள் கேள்விகள் அனுப்பித் தமிழர்களிடம் பதில் வாங்கி ஐரோப்பாவில் வெளியிட்ட 'மலபார் கடிதங்கள்' தொகுப்பில் கணிசமானவை அழகப்பன் எழுதியவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். அப்படியென்றால் 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா தமிழரின் குரல் என்று படித்ததில் பெரும்பங்கு அவருடைய குரல். ஆனால் அச்சில் அந்தக் கடிதங்களுக்குப் பெயர் கிடையாது.

சீகன்பால்க் மறைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். புலவர் உண்டு, எழுத்தர் உண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று அவரே எழுதியதால்தான் நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. மறந்தது பிறகு வந்த நாம். "தமிழில் விவிலியத்தைத் தந்தவர்" என்று ஒருமையில் எழுதிப் பழகிவிட்டோம். அடுத்த முறை பாடப்புத்தகம் திருத்துகிறவர்கள் ஒரே ஒரு திருத்தம் செய்யலாம்: "தந்தவர்கள்".

அழகப்பனைப் பற்றிக் கிடைப்பதை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துத் தனியாக எழுத உத்தேசம். மலபார் கடிதங்களில் சாதி பற்றியும் திருமணம் பற்றியும் வரும் பதில்கள் மட்டுமே ஒரு கட்டுரைக்குத் தாங்கும். அடுத்த குறிப்பில் பார்ப்போம்.